ஆளை அளக்காதே, வேலையை அளந்து பார்!

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், திருமுக்கூடல்)



மூன்றாம் ஆண்டு வந்துவிட்டால் நம் பாலிடெக்னிக்கில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சுதான். "எந்தக் கம்பெனி வருது? எத்தனை பேரை எடுக்கிறாங்க?" ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என்று நம்மைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளை நம்பித்தான் நம்மில் பாதிப்பேர் டிப்ளமோவில் சேர்ந்தோம். ஆகவே கேம்பஸ் இன்டர்வியூவுக்கு எப்படி உடுத்துவது, எப்படிப் பதில் சொல்வது என்றெல்லாம் நமக்குச் சொல்லித்தர ஆள் நிறைய உண்டு. நான் இங்கே எழுத வந்தது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி. ஆள் எடுப்பவர் எப்படி எடுக்க வேண்டும்? கை, கால், கண், காது இவற்றில் ஒன்று மற்றவர்களைப்போல் இயங்காத ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தால் அவரிடம் என்ன கேட்க வேண்டும்?

"அது ஹெச்.ஆர். காரங்க வேலை, நமக்கெதுக்குப்பா?" என்று சிலர் நினைக்கலாம். இன்றைக்கு டிரெய்னியாகப் போகிறவன் பத்து வருஷத்தில் சூப்பர்வைசர். "இந்த லைனுக்கு எப்படிப்பட்ட ஆள் வேணும்?" என்று ஹெச்.ஆர். கேட்பது அவனிடம்தான். அப்போது அவன் சொல்கிற ஒரு வாக்கியத்தில் ஒருவருடைய பிழைப்பு அடங்கியிருக்கும். எனவே இது நம் பாடமும்தான்.

2010ல் தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விட்டு 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல்லை ஏற்றுக்கொண்டது. பெயர் மாறியது நல்லது. பார்வை மாறிற்றா? அதைச் சிந்தித்துப் பார்ப்போம்.

கல்லில் எழுதிய வேலைப் பட்டியல்

எங்கள் ஊர் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம். ஆற்றுக்கு அக்கரையில் பழைய சீவரம், இக்கரையில் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். அந்தக் கோயிலில் 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்து நீளமான கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச் சாலையும், மாணவர் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலையும் இருந்ததை அது சொல்கிறது. ஆதுலர் சாலை என்றால் மருத்துவமனை. அதன் பெயர் வீரசோழன்.

எங்கள் ஊர்க்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வோம். ஆனால் பெருமையைவிடப் பாடம் ஒன்று அதில் இருக்கிறது. அந்த மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களைக் கல்வெட்டு ஒவ்வொருவராகச் சொல்கிறது. வைத்தியம் பார்ப்பவர் ஒருவர், அறுவை மருத்துவம் செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இரண்டு பேர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இரண்டு பேர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். இவர்களுக்கு நெல் எவ்வளவு, காசு எவ்வளவு என்பதும் கல்லிலேயே இருக்கிறது.

அந்தக் காலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 'மருத்துவமனைக்கு ஆள் தேவை' என்று மொத்தமாகச் சொல்லி விட்டுவிடவில்லை என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். என்ன வேலை, அதற்கு எத்தனை பேர், என்ன கூலி என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். வேலையைப் பிரித்துப் பார்த்தால்தான் அது யாரால் முடியும் என்று தெரியும்.

காஞ்சிபுரத்துப் பட்டுத் தறி வீட்டைப் பாருங்களேன். வெளியூர்க்காரர் கண்ணுக்கு நெசவு என்பது ஒரே வேலை. உள்ளே வந்து பார்த்தால் நூல் சுற்றுவது, தார் சுற்றுவது, பாவு ஓட்டுவது, பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைப்பது, நெய்வது, கோர்வைச் சேலையானால் கரைக்குத் துணையாள் என்று பல வேலைகள். குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்கக் கால் வேண்டும். தார் சுற்றக் காலா வேண்டும்? காலில் வலு இல்லாத ஒருவர் வீட்டில் இருந்தால், "உன்னால நெசவு முடியாது, போய் உட்காரு" என்று நெசவாளி சொல்வதில்லை. அவர் கைக்கு ஏற்ற வேலை அந்த வீட்டிலேயே இருக்கிறது. இந்தச் சாதாரண அறிவு பெரிய கம்பெனி வாசலில் எங்கே போய்விடுகிறது?

ஃபோர்டு எண்ணிப் பார்த்த 7,882 வேலைகள்

ஒரு பெரிய கம்பெனி இதை எண்ணியே பார்த்திருக்கிறது. கார் உற்பத்தியில் நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்த ஹென்றி ஃபோர்டை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். 1922ல் வெளிவந்த தம் வாழ்க்கை நூலில் அவர் ஒரு கணக்குச் சொல்கிறார். தம் தொழிற்சாலையின் வேலைகளை வகைப்படுத்தியபோது மொத்தம் 7,882 வகை வேலைகள் தேறின. அவற்றில் நல்ல உடல்வலு உள்ளவர்கள்தான் செய்ய வேண்டிய கடின வேலைகள் 949. சாதாரண உடல்வலு போதும் என்பவை 3,338. மீதி 3,595 வேலைகளுக்குப் பெரிய உடல்வலுவே தேவையில்லை.

அதோடு விடவில்லை. இரண்டு காலும் இல்லாதவர் செய்யக்கூடிய வேலைகள் 670, ஒரு கால் மட்டும் உள்ளவர் செய்யக்கூடியவை 2,637, ஒரு கை மட்டும் உள்ளவருக்கு 715, பார்வையற்றவருக்கு 10, இரண்டு கையும் இல்லாதவருக்கு 2 என்று பிரித்தார்கள். ஆக, பாதிக்கு மேற்பட்ட வேலைகளுக்கு முழு உடல் தகுதி தேவைப்படவில்லை! அப்படி வேலைக்கு வந்தவர்கள் முழுச் சம்பளம் வாங்கினார்கள். தருமத்துக்குக் கொடுத்த வேலை அல்ல என்பதை ஃபோர்டு அழுத்திச் சொல்கிறார்.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய நன்மையும் ஓர் ஆபத்தும் உண்டு. நன்மை என்ன? அளவுகோலை மனிதர்மேல் வைக்காமல் வேலைமேல் வைத்தார்கள். ஆபத்து என்ன? பட்டியல் வேலியாகிவிடும். பார்வையற்றவருக்குப் பத்தே வேலை என்று ஃபோர்டு எழுதினார். இன்றைக்குக் கணினித் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் துணையோடு பார்வையற்றவர்கள் வங்கியில் வேலை பார்க்கிறார்கள், புரோகிராம் எழுதுகிறார்கள். கருவி மாறினால் பட்டியலும் மாற வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த நியோமோஷன் நிறுவனம், சக்கர நாற்காலிக்கு முன்னால் பொருத்துகிற 'நியோபோல்ட்' என்ற மோட்டார் வண்டியை 2021ல் வெளியிட்டது. தெருவில் வண்டி ஓட்டிச் சம்பாதிக்கும் வேலை சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு ஆகாது என்று அதுவரை எழுதியிருந்தால், அந்த வரியை அடித்துவிட வேண்டியதுதான்.

ஓசூர் காட்டிய வழி

அமெரிக்காவை விடுங்கள், நம் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984ல் டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலை அமைந்தது. பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்களையும் பெண்களையும் எடுத்து அங்கே பயிற்சி கொடுத்தார்கள். காது கேளாதவர்களையும் கால் பாதிக்கப்பட்டவர்களையும் ஆரம்ப காலத்திலிருந்தே வேலைக்குச் சேர்த்துக்கொண்ட நிறுவனம் அது.

ஏன் முடிந்தது? கடிகாரம் பூட்டுகிற வேலையை யோசித்துப் பாருங்கள். உட்கார்ந்து செய்கிற வேலை. கண்ணும் விரலும் வேண்டும். சின்னப் பல்சக்கரத்தைச் சாமணத்தால் எடுத்து வைக்கிற விரலுக்குக் காது கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன?

இங்கேயும் ஓர் எச்சரிக்கை. "காது கேளாதவங்க கவனம் சிதறாம வேலை பார்ப்பாங்க சார்" என்று சிலர் பாராட்டுவார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் அந்தப் பாராட்டே அவரை ஒரே பெஞ்சில் முப்பது வருஷம் உட்கார வைத்துவிடலாம். அவருக்கும் பிரமோஷன் வேண்டும், சூப்பர்வைசர் ஆக வேண்டும், கூட்டத்தில் பேசுவது புரிய வேண்டும். வேலைக்குச் சேர்ப்பது முதல் படி. மேலே ஏறவும் படி வேண்டாமா?

சென்னையில் 1995ல் தொடங்கப்பட்ட எபிலிட்டி ஃபவுண்டேஷன் இந்தத் துறையில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய பெயர். அதை நிறுவிய ஜெயஸ்ரீ ரவீந்திரன் அவர்களே செவித்திறன் குறைந்தவர். மாற்றுத்திறனாளிகளின் சாதனைகளையும் உரிமைகளையும் பற்றி எழுத ஒரு பத்திரிகை நடத்தினார்கள். கம்பெனிகளையும் வேலை தேடும் மாற்றுத்திறனாளிகளையும் ஒரே இடத்தில் சந்திக்க வைக்கும் வேலைவாய்ப்பு முகாம்களையும் நடத்தினார்கள். கெவின்கேர் நிறுவனத்தோடு சேர்ந்து ஆண்டு விருதும் வழங்கினார்கள். "தகுதியான ஆள் எங்க சார் கிடைக்கிறாங்க?" என்று சொல்கிற கம்பெனிக்கு இப்படிப்பட்ட முகாம்தான் நேரடிப் பதில்.

மைக்ரோமீட்டர் பற்றி ஒரு கேள்விகூட இல்லை

இனி நம் வகுப்புக்கே வருகிறேன். என் தோழன் ஒருவன், வலது காலில் காலிபர் போட்டு நடப்பவன். (நாம் லேபில் பிடிக்கிற வெர்னியர் காலிப்பர் வேறு, இது வேறு!) மெட்ராலஜி லேபில் அவன் கை சுத்தம். நாங்கள் இரண்டு முறை அளந்து குழம்புவதை அவன் ஒரே முறையில் சரியாகச் சொல்வான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரைப் போடாதடா, விஷயத்தை எழுது" என்றான்.

ஒரு கம்பெனி தர ஆய்வு வேலைக்கு ஆள் எடுக்க வந்தது. எழுத்துத் தேர்வில் அவன் தேறினான். நேர்முகத்தில் நடந்ததை அவன் சொன்னபடியே தருகிறேன்.

"மாடிப்படி ஏறுவியா தம்பி?"

"ஏறுவேன் சார். கைப்பிடி இருந்தா சீக்கிரம் ஏறுவேன்."

"எட்டு மணி நேரம் நிக்கணுமே?"

"எந்த வேலைக்கு சார் நிக்கணும்?"

அதற்குப் பதில் இல்லை. "சரிப்பா, சொல்லி அனுப்புறோம்" என்றார்களாம். சொல்லி அனுப்பவில்லை. பிறகு அவன் என்னிடம் சொன்னது இதுதான்: "எடுக்கலைங்கறது பெரிசில்லடா. எத்தனையோ பேரை எடுக்கல. ஆனா மைக்ரோமீட்டர் பத்தி என்னை ஒரு கேள்விகூடக் கேக்கலியே!"

அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

நாங்கள் இருவரும் ஒரு தாளை எடுத்து அந்த வேலையைப் பிரித்துப் பார்த்தோம். தோழர்களும் ஒருமுறை இப்படிச் செய்து பார்க்க வேண்டும் என்பதற்காக அதை அப்படியே தருகிறேன்.

1. உருப்படிகள் உள்ள ட்ரேயைக் கொண்டுவருதல். நடையும் இரண்டு கையும் வேண்டும். தள்ளுவண்டியோ உருளைப் பாதையோ இருந்தால் சுமக்க வேண்டியதில்லை.

2. அளத்தல். கண்ணும் விரலும் வேண்டும். உட்கார்ந்தே செய்யலாம். பெஞ்சின் உயரத்துக்கு ஏற்ற நாற்காலி வேண்டும்.

3. அளவைப் பதிவு செய்தல். எழுதவோ கணினியில் தட்டவோ தெரிய வேண்டும்.

4. குறையுள்ள உருப்படியைத் தனியே ஒதுக்குதல். பெட்டி கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் போதும்.

5. ஷிப்டு மாறும்போது அடுத்தவருக்குத் தகவல் சொல்லுதல். பேச்சும் காதும் வேண்டும் என்று தோன்றும். பலகையில் எழுதி வைத்தாலும் தகவல் தகவல்தான். சொல்லப்போனால் எழுதினது மறக்காது.

6. ஆபத்து மணி அடித்தால் வெளியேறுதல். காது கேளாதவருக்கு மணியோடு சுழலும் விளக்கும் வேண்டும். நடை தாமதமானவருக்குத் தடையில்லாத வழியும் துணைக்கு ஓர் ஆளும் வேண்டும்.

ஆறு வரியில் 'எட்டு மணி நேரம் நிற்றல்' எங்கே இருக்கிறது? எங்குமே இல்லை! அங்கே நாற்காலி போடாததால் எல்லாரும் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

"எல்லா வேலையும் எல்லாராலும் முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாது. ஃபவுண்டரியில் உருக்கிய உலோகத்தைத் தூக்குவதும் உயரத்தில் ஏறிப் பழுது பார்ப்பதும் என் தோழனுக்கு ஆகாத வேலைகள். அதை அவனே சொல்கிறான். மறைப்பது நேர்மையாகாது, ஆபத்தும்கூட. ஆனால் 'முடியாது' என்பதற்கான காரணம் வேலையிலிருந்து வர வேண்டும். ஆள் கதவைத் திறந்து உள்ளே வருகிற நடையைப் பார்த்த மாத்திரத்தில் வரக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1995ல் பாராளுமன்றம் மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் சட்டத்தை இயற்றியது. அதில் அரசு வேலைகளில் 3 சதவீத ஒதுக்கீடு இருந்தது. 2006ல் ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா 2007ல் அதை ஏற்றது. அதற்கேற்ப 2016ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்து, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. அரசு வேலையில் 4 சதவீதமும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாமலும் இடம் ஒதுக்கச் சொல்கிறது. ஒதுக்கீட்டுக்குக் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று வேண்டும்.

தனியார் கம்பெனிக்கு? இங்கே பலர் குழம்புகிறார்கள். தனியாருக்கு இந்தச் சட்டத்தில் கட்டாய ஒதுக்கீடு கிடையாது. தனியார் நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி அரசு ஊக்கச் சலுகை தரலாம் என்றுதான் இருக்கிறது. ஆனால் ஒதுக்கீடு இல்லை என்பதால் கடமையே இல்லை என்று ஆகிவிடாது. ஒவ்வொரு நிறுவனமும் 'சம வாய்ப்புக் கொள்கை' ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற தனியார் நிறுவனம், எந்தெந்தப் பதவிகள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை, ஆள் எடுக்கும் முறை என்ன, என்ன வசதி செய்து தரப்படும், இதைக் கவனிக்கும் அலுவலர் யார் என்பதையெல்லாம் அதில் சொல்ல வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

இதை இன்டர்வியூவுக்குப் போகிற தோழர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் சம வாய்ப்புக் கொள்கையைப் பார்க்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்பது பிச்சை கேட்பது ஆகாது.

சட்டத்தில் 'நியாயமான வசதி' என்ற கருத்தும் இருக்கிறது. கம்பெனியின் முதுகை முறிக்காத அளவில், தேவையான மாற்றத்தைச் செய்து கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். நாற்காலி, கைப்பிடி, சுழலும் விளக்கு, எழுத்துப் பலகை: மேலே நாங்கள் பட்டியலிட்டவற்றில் எது கம்பெனியைத் திவாலாக்கும், சொல்லுங்கள்!

விளம்பரத்தில் யார்? கடைவாசலில் யார்?

ஆள் எடுப்பதைப் பேசினோம். கம்பெனிக்கு இன்னொரு முகம் உண்டு, அதுதான் விளம்பரம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல். இவர்கள் சோப்பு வாங்குவதில்லையா? கடிகாரம் கட்டுவதில்லையா? கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை எடுப்பதில்லையா? ஆனால் விளம்பரப் படங்களில் இவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அபூர்வமாக வரும்போதும் இரண்டு வேஷம்தான். ஒன்று, பார்த்துக் கண்ணீர் விட வேண்டிய பாவப்பட்ட ஜீவன். இன்னொன்று, மலையேறி உலகை வியக்க வைக்கும் மகாவீரர். இரண்டுக்கும் நடுவே டீ குடித்து, பஸ் பிடித்து, வேலைக்குப் போய், மாதக் கடைசியில் கடன் வாங்குகிற சாதாரண மனிதர் எங்கே? 2024 ஜூலையில், நிபுன் மல்ஹோத்ரா என்பவர் ஒரு திரைப்படத்தை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே தொட்டது. காட்சி ஊடகங்களில் மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் சொற்களும் பொய்யான கற்பிதங்களும் கூடாது, மறுகோடிக்குப் போய் அவர்களை அதிசயப் பிறவிகளாகக் காட்டுவதும் கூடாது, அவர்களைப் பற்றிய படைப்பில் அவர்களையும் கலந்து பேச வேண்டும் என்று வழிகாட்டியது. திரைப்படத்துக்குச் சொன்ன இந்த அறிவுரை விளம்பரத்துக்கும் நன்றாகவே பொருந்தும்.

படத்தில் காட்டிவிட்டால் மட்டும் போதுமா? 1997ல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் தன் புகழ்பெற்ற பார்பி பொம்மைக்கு ஒரு தோழியை உண்டாக்கியது. பெயர் பெக்கி. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பொம்மை. எல்லாரும் பாராட்டினார்கள். பிறகு ஒரு பள்ளி மாணவி கண்டுபிடித்தாள்: அதே நிறுவனம் விற்கிற பார்பியின் பொம்மை வீட்டில், பெக்கியின் சக்கர நாற்காலி லிஃப்டுக்குள் நுழையவில்லை! தோழியை வீட்டுக்கு அழைத்துவிட்டு வாசலை மறந்துபோனார்கள். 2019ல் அந்த நிறுவனம் மறுபடி சக்கர நாற்காலிப் பொம்மை வெளியிட்டபோது, கூடவே ஒரு சாய்வுப் பாதையையும் வைத்தது.

இந்தச் சின்னப் பொம்மைக் கதையில் முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது என்பேன். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் நடந்து பாருங்கள். பட்டுக் கடை வாசல்களில் எத்தனை படி என்று எண்ணிக்கொண்டே போங்கள். நாளைக்கு ஒரு கடை தன் விளம்பரத்தில் சக்கர நாற்காலியில் ஒரு மணப்பெண்ணைக் காட்டலாம். அந்தப் பெண் நேரில் வந்தால் கடைக்குள் போக வழி உண்டா? உள்ளே போனால் சேலை எடுத்துப் போடுகிறவர்களில், பில் போடுகிறவர்களில் அவளைப் போன்ற ஒருவராவது உண்டா? விளம்பரம், கடைவாசல், சம்பளப் பட்டியல் மூன்றிலும் அவர்கள் இருந்தால்தான் அந்த நிறுவனத்தின் பேச்சை நம்பலாம்.

இதில் எது முந்தி? வேலைதான் முந்தி என்பது என் கருத்து. ஏன் என்றால், உள்ளே வேலை பார்க்கிற ஒருவரே "சார், வாசல்ல ரெண்டு படி இருக்கு, என்னால ஏற முடியல" என்று முதலாளியிடம் சொல்வார். பெக்கியின் லிஃப்டை அளந்து பார்க்க அந்த வடிவமைப்பு அறையில் சக்கர நாற்காலிக்காரர் ஒருவர் இருந்திருந்தால் போதுமே!

வேலைக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பும் ஒரு விளம்பரம்தான். 'நல்ல உடற்கட்டு உள்ளவர்கள் மட்டும்' என்று வழக்கத்துக்காக ஒரு வரி போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு விண்ணப்பமே போடாமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ! அறிவிப்பை வெறும் படமாக அனுப்பினால், திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு அது வெறும் வெற்றிடம். எழுத்தாகவும் அனுப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை.

நாம் என்ன செய்யலாம்?

கம்பெனிகளுக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு நாம் கைகட்டி நிற்கக்கூடாது. மாணவர் பேரவையின் முன் சில யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது: நம் பாலிடெக்னிக்குக்கு ஆள் எடுக்க வருகிற ஒவ்வொரு கம்பெனியிடமும் சம வாய்ப்புக் கொள்கையின் நகலை முன்கூட்டியே கேட்டு வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

இரண்டாவது: எந்தப் பதவி, அதில் என்னென்ன செயல்கள் என்று வேலை விவரத்தை எழுத்தில் கேட்க வேண்டும். இது எல்லா மாணவருக்குமே பயன்படும்.

மூன்றாவது: நேர்முகத் தேர்வைத் தரைத்தளத்தில் வைக்க வேண்டும். காது கேளாத மாணவர் இருந்தால் கேள்விகளை எழுத்தில் தரவோ, சைகை மொழி தெரிந்தவரை அழைக்கவோ ஏற்பாடு வேண்டும்.

நான்காவது: நம் இறுதியாண்டு புராஜெக்ட். ஜிக், ஃபிக்ஸ்சர் பாடத்தை மார்க்குக்காக மட்டும் படிக்கிறோம். ஒரு கையால் உருப்படியைப் பொருத்தி இறுக்கக்கூடிய ஃபிக்ஸ்சர், காலுக்குப் பதில் கையால் இயக்கும் மிதி, உயரம் மாற்றக்கூடிய பெஞ்ச் இவற்றில் ஒன்றை ஒவ்வொரு ஆண்டும் ஒரு குழு செய்யட்டும். நம் ஊர்த் தறிக்கு ஒன்று செய்தால் இன்னும் சிறப்பு. ஆனால் ஒரு நிபந்தனை: அதைப் பயன்படுத்தப் போகிறவரைக் கேட்டுச் செய்ய வேண்டும். அவரைக் கேட்காமல் செய்தது பெக்கியின் லிஃப்ட் போல ஆகிவிடும்.

ஐந்தாவது: மாற்றுத்திறனாளித் தோழர்களுக்கு. உங்கள் அடையாள அட்டையையும் சான்றிதழையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்வியூவில் உங்கள் குறையைப் பற்றிக் கேட்டால் கூச்சப்படாமல், "இந்த வேலையை நான் இப்படிச் செய்வேன், இந்த ஒரு வசதி வேண்டும்" என்று சொல்லப் பழகுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும் அணுகிப் பாருங்கள்.

ஆறாவது: மற்ற தோழர்களுக்கு. கேலிப் பெயர் வைத்துக் கூப்பிடுவதை இன்றோடு விடுங்கள். நாளைக்கு நீங்கள் எழுதப்போகிற வேலைக்கான ஆள் தேவை அறிவிப்பில் அந்தக் கேலி 'தகுதி' என்ற பெயரில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தோழர்களே! அளவு எடுப்பது நம் தொழில். ஒரு தண்டின் விட்டத்தை அளக்கத் தெரிந்தவன், எந்தக் கருவியால் எதை அளக்கிறோம் என்பதில் தவறமாட்டான். ஸ்கேலை வைத்து மைக்ரானைச் சொல்ல முடியாது. ஒருவர் நடையை வைத்து அவர் கைத்திறனையும் சொல்ல முடியாது. உங்களில் எத்தனையோ பேர் நாளை பொறுப்பான நாற்காலிகளில் உட்காரப் போகிறீர்கள். அன்றைக்கு எதிரே ஒருவர் காலிபர் சத்தத்தோடு உள்ளே வந்தால், மாடிப்படியைப் பற்றி விசாரிக்கும் முன் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

வாழ்க நம் ஒற்றுமை! வளர்க நம் மாணவர் பேரவை!